தலைமறைவில் இயங்கிய தலைமை: மோர்மன் சபையும் பலதார மணத் தடையும்

கேள்வி: பலதார மணத்தை இறைவனின் கட்டளை என்று போதித்த மோர்மன் சபை 1890இல் அதைக் கைவிட்டது அரசுக்கு அஞ்சியா, மனம் மாறியா? அப்போது சபையை நடத்தியவர்கள் யார்?
– வாசகி, கல்லடி

பதில்: இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டிலேயே பலதார மணத் தடைச் சட்டம் வந்துவிட்டபோதிலும், மோர்மன் சபையினர் பெருமளவில் வாழ்ந்த அதன் மேற்குப் பகுதியான யூட்டாவில் அது பெரும்பாலும் ஏட்டளவிலேயே இருந்தது. நம்பிக்கை வேறு, நடத்தை வேறு, நடத்தையைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1879இல், பலதார மணத்துக்காகத் தண்டிக்கப்பட்ட மோர்மன் ஒருவரின் ரெனால்ட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்த பின்னரே நெருக்கடி முற்றியது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, திருமணம் நடந்ததை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களுடன் குடும்பம் நடத்தியதைக் காட்டினாலே ஆறு மாதம் வரை சிறையில் அடைக்க முடிந்தது.

சபைத் தலைவர் ஜோன் டெய்லர் பணிய மறுத்தார். 1885 பெப்ரவரியில் தலைமறைவாகி, விசுவாசிகளின் வீடுகளில் மாறிமாறித் தங்கியவாறு கடிதங்கள் மூலமே சபையை நடத்திய அவர், 1887 யூலையில் அந்த நிலையிலேயே இறந்தார். அவரது ஆலோசகர் ஜோர்ஜ் கனன் பிடிபட்டுப் பிணையில் வந்து மறைந்து, 1888இல் தாமாகவே சரணடைந்து சிறை சென்றார். டெய்லருக்குப் பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் புதிய தலைவர் தெரிவாகவில்லை. தலைவருக்கு அடுத்த நிலையிலிருந்த பன்னிரு அப்போஸ்தலர் குழுவே பொறுப்பேற்றிருந்தது. வண்ணக்கர் (கோயில் நிர்வாகப் பொறுப்பாளர்) தெரிவு வழக்கில் சிக்கிய கோயிலில் பூசை நடந்தாலும் காணிக்கும் கணக்கிற்கும் பொறுப்பாளர் இல்லாமல் போகும் நிலையை நம் பகுதியினர் அறிவர்; அந்தச் சபை இருந்த நிலையும் ஏறத்தாழ அதுவே.

சிறையை விடக் கடுமையாக விழுந்த அடி சொத்தின் மீதானது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் சபையின் சட்டபூர்வ அமைப்பையே கலைத்து, 50,000 டொலருக்கு மேற்பட்ட அதன் சொத்துகளை அரசுடைமையாக்க வழிசெய்தது. யூட்டாப் பெண்கள் 1870 முதல் பெற்றிருந்த வாக்குரிமையையும் அதே சட்டம் பறித்தது. பெண்களைக் காப்பதாகச் சொன்ன சட்டம் அவர்களின் குரலையே பறித்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

1890 மே மாதம் உயர் நீதிமன்றம் இச்சட்டத்தையும் உறுதிசெய்தது. செப்டெம்பரில், 83 வயதான தலைவர் வில்ஃபோர்ட் வுட்ரஃப், சட்டம் தடுக்கும் திருமணங்களைச் செய்ய வேண்டாம் என்று பிரகடனம் வெளியிட்டார். இந்த வழக்கத்தைத் தொடர்ந்தால் ஆலயங்கள் பறிபோகும் என்பதை இறைவன் தமக்குக் காட்டியதாக அவர் அடுத்த ஆண்டு விளக்கினார். நெருக்கடி இல்லாவிட்டால் அந்த வெளிப்பாடு வந்திராது என்பது என் கருத்து. ஆயினும் அவர் அதை உளமார நம்பினார் என்பதையும் நான் ஐயுறவில்லை. டெய்லரின் உறுதியை விட வுட்ரஃபின் முடிவே கடினமானது என எண்ணுகிறேன்.

கேள்வி: ஏற்கனவே மணந்திருந்த மனைவியரின் கதி என்ன?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பிரகடனம் புதிய திருமணங்களைப் பற்றியே பேசியது. பல குடும்பங்கள் முன்போலவே வாழ்ந்தன. பின்னாளில் சபைத் தலைவரான ஜோசப் எஃப். ஸ்மித், தாம் தம் மனைவியர் அனைவருடனும் தொடர்ந்து வாழ்ந்ததை 1904இல் அமெரிக்கச் செனற் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தலைவர்கள் சிலர் இரகசியமாகப் புதிய திருமணங்களையும் நடத்தி வந்ததால், அதே ஆண்டு ஸ்மித் இரண்டாவது பிரகடனத்தை வெளியிட்டு, மீறுவோர் சபையிலிருந்து விலக்கப்படலாம் என அறிவித்தார். அவ்வாறு 1911இல் விலக்கப்பட்டவர்களில் ஜோன் டெய்லரின் மகனும் ஒருவர்.