மீந்த குழம்பையும் பொரியலையும் வைத்துச் செலவில்லாமல் ஒரு முட்டை அயிட்டம் செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். நாலு பேர் இருக்கிற வீடு, தினமும் கொஞ்சம் குழம்பும் ஒரு கை பொரியலும் மீந்து வீணாகிறது, முட்டைக்கு மேல் வேறு செலவு வைக்க முடியாது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இதற்குப் பழகிப்போன வழி, மீந்த புளிக்குழம்பைச் சுண்ட வைத்து அதில் முட்டையை உடைத்து ஊற்றுவது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டிலும் இதுதான், இப்போது பாளையங்கோட்டையில் என் அடுப்படியிலும் இதுதான். புதிதாக வெங்காயம் தக்காளி வதக்கி முட்டைக் குழம்பு வைப்பதைவிட இதில் ருசி ஒரு படி கூடுதல் என்பேன். ஒரு ராத்திரி ஊறிய குழம்பில் புளியும் காரமும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றிருக்கும். அந்தப் பக்குவத்தைப் புதுக் குழம்பில் கொண்டுவர முடியாது.

முதலில் எந்தக் குழம்பு என்று பாருங்கள். எங்கள் ஊர்ச் சமையலில் தேங்காய் அரைத்து ஊற்றாத குழம்பு குறைவு. சொதி முழுக்கத் தேங்காய்ப் பால். இந்த மாதிரிக் குழம்புகள் சித்திரை வெயிலில் வெளியே இருந்தால் விடிவதற்குள் ஊசிப்போகும். மூடியைத் திறந்ததும் புளித்த வாடை வந்தாலோ, கரண்டியில் எடுக்கும்போது நூல் விட்டாலோ கொட்டிவிடுங்கள். முட்டையைப் போட்டு அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தேங்காய் சேர்க்காத புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, பூண்டுக் குழம்பு இதெல்லாம் இதற்கென்றே வைத்த மாதிரி அமையும். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு கொதி விட்டு, ஆறியதும் மூடி வையுங்கள், ஃப்ரிட்ஜ் இருந்தால் உள்ளே வையுங்கள். கொதிக்க வைத்த பிறகு எச்சில் கரண்டியோ ஈரக் கரண்டியோ அதில் படக்கூடாது.

காலையில் அந்தக் குழம்பை அகலமான சட்டிக்கு மாற்றுங்கள். மண்சட்டி இருந்தால் ரொம்ப நல்லது. சுண்டிய குழம்பில் உப்பு ஏறியிருக்கும், அதனால் அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர் அரை டம்ளர் விடுங்கள். உப்பும் இறங்கும், குழம்பும் கொஞ்சம் கெட்டிப்படும். மறுபடி உப்புப் போடவே வேண்டாம். சின்ன உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், நாலைந்து உரித்து நல்லெண்ணெயில் வதக்கி, கறிவேப்பிலையோடு சேர்த்து ஊற்றினால் பழைய வாடை ஓடிப்போகும். நன்றாக ஒரு கொதி வந்து எண்ணெய் ஓரத்தில் பிரியட்டும். அதன்பிறகு தீயைக் குறைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தளதளவென்று கொதிக்கிற குழம்பில் முட்டையை உடைத்தால் வெள்ளை சிதறி நுரை நுரையாகக் குழம்பு முழுக்கப் பரவிவிடும். முட்டை வெள்ளை 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கும், மஞ்சள் 65 டிகிரிக்கு மேல். அதற்குக் கொதி தேவையே இல்லை. குழம்பு ஓரத்தில் மட்டும் மெல்லக் குமிழி விட்டால் போதும். முட்டையை ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தைக் குழம்பின் மேல் ஒட்டிப் பிடித்து மெதுவாகச் சரியுங்கள். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு ஊற்றி, மூடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஆச்சி பக்கத்திலேயே நின்று, “ஏட்டி, கரண்டிய உள்ள விடாத, அது பாட்டுக்கு வேகட்டும்” என்பாள். சரியான பேச்சு. கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளை முதலில் விளிம்பில் பால் நிறமாகும், பிறகு உள்நோக்கி நகர்ந்து மஞ்சளின் மேல் ஒரு மெல்லிய ஆடை போர்த்தும். குழம்பின் புளிப்பும் வெள்ளை சீக்கிரம் இறுக உதவுகிறது. நாலு நிமிடத்தில் மஞ்சள் கொழகொழவென்று இருக்கும், ஏழு நிமிடம் விட்டால் கெட்டியாகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இருந்தால் கெட்டியாக வேகவிட்டே கொடுங்கள்.

இனி பொரியல். நாலு பேருக்கு நாலு முட்டை என்ற கணக்கைக் குறைக்க வேண்டுமானால் அது கை கொடுக்கும். இரண்டு முட்டையை நன்றாக அடித்து, மீந்த அவரைக்காய்ப் பொரியலோ முருங்கைக்கீரைத் துவட்டலோ ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்குங்கள். பொரியலில் ஈரம் இருந்தால் முதலில் இருப்புச்சட்டியில் வெறுமனே புரட்டி ஈரத்தை வற்ற வைத்து, ஆறவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு போட்டால் முட்டை தண்ணீர் விட்டு உதிர்ந்துபோகும். இந்தக் கலவையைக் குழிப்பணியாரக் கல்லில் எண்ணெய் தொட்டுச் சுட்டால் குட்டிக் குட்டிப் பணியாரமாக வரும். அவற்றை அந்தச் சுண்டிய குழம்பில் போட்டு ஒரே நிமிடம் விட்டு இறக்குங்கள். குழம்பை அப்படியே குடித்துப் புஸ்ஸென்று ஊறி நிற்கும். ஆளுக்கு இரண்டு மூன்று வைக்கலாம், முட்டை குறைவாகப் போட்டது யாருக்கும் தெரியாது. மீந்த குழம்பும் மீந்த பொரியலும் ஒரே சட்டியில் தீர்ந்துவிடுகிறது என்பதால் எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது. பள்ளிக்கூட டப்பாவுக்குக் கொடுக்கும்போது மட்டும் குழம்பில் போடாமல் பணியாரமாகவே வையுங்கள்.

மீந்த இட்லியை உதிர்த்து, கடுகு மிளகாய் தாளித்து, இரண்டு முட்டை ஊற்றிப் புரட்டுவதும் நல்லது. ராத்திரிக் கடையில் வாங்கிய புரோட்டா சால்னாவோடு மீந்தால் கொத்துப் போட்டுக்கொள்ளலாம், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோறு மீந்தால் முட்டைச் சோறு கிண்டுவதைவிட, ராத்திரியே தண்ணீர் ஊற்றிப் பழையதாக வைத்து, காலையில் மேலே சொன்ன முட்டையைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். சாதத்தை இரவெல்லாம் வெளியே சும்மா போட்டு வைத்து மறுநாள் வதக்குவது வயிற்றுக்கு ஆகாது. அதில் வளர்கிற ஒரு வகைக் கிருமியின் விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

செலவைக் குறைக்கிறேன் என்று கடையில் விரிசல் விட்ட முட்டையை விலை குறைவாக வாங்காதீர்கள். ஓட்டில் கீறல் விழுந்தால் கிருமி உள்ளே போக வழி திறந்தாயிற்று. நாமக்கல்லில் இருந்து வருகிற முட்டைக்குப் புரட்டாசியில் விலை இறங்குவது வழக்கம், அப்போது ஒரு அட்டை சேர்த்து வாங்கி வைக்கலாம். பழசா புதுசா என்று சந்தேகம் வந்தால் தண்ணீரில் போடுங்கள். அடியில் படுத்தால் புதுசு. செங்குத்தாக நின்றால் நாள்பட்டது, அதைக் கெட்டியாக வேகும் பணியாரத்துக்கு எடுங்கள். மிதந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உடைக்கும்போது எப்போதும் கிண்ணத்தில் தனித்தனியாகத்தான் உடைக்க வேண்டும், ஒரு அழுகல் முட்டை விழுந்தால் சட்டிக் குழம்பும் போய்விடும்.