மின்னிலக்க அடையாள அட்டையைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதா?

சிங்கப்பூர் அரசின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸில் அடையாள அட்டையை வைத்திருந்தால் விவரங்கள் திருடுபோய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். செயலியைக் காட்டிலும், அடையாள அட்டை எண்ணையே கடவுச்சொல்லாக ஏற்கும் பழக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

சென்ற ஆண்டு அம்மாவின் காப்புறுதி அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அதைத் திறப்பதற்கான கடவுச்சொல், அவருடைய பிறந்த தேதியும் அடையாள அட்டை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் எழுத்தும். பேரங்காடிக் குலுக்கல் சீட்டுகளில் இதே நான்கையும் அம்மா எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறார்.

எண்ணின் மீதி இலக்கங்களை மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1968 முதல் இங்கே பிறந்தவர்களின் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். இறுதி எழுத்து, முன்னுள்ள ஏழு இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே அம்மா 1970இல் பிறந்தவர் என்பது தெரிந்தவருக்கு அந்தச் சீட்டும் கிடைத்துவிட்டால், தெரியாமல் எஞ்சுபவை இரண்டே இலக்கங்கள், அதாவது 100 சாத்தியங்கள். அவற்றுள் எழுத்தோடு பொருந்தாதவற்றைக் கழித்தால் ஒன்பதோ பத்தோதான் தேறும். தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

2018இல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை திருடப்பட்டன. 2024 டிசம்பரில், வணிகப் பதிவு விவரங்களுக்கான அரசு இணையவாசலான பிஸ்ஃபைலின் தேடலில் முழு அடையாள அட்டை எண்களே தெரிந்தன. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இந்த எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். எண்ணை வைத்து ஒருவரை உறுதிப்படுத்துவதை நிறுத்துமாறு 2025 ஜூனில் அதிகாரிகள் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது, என் பார்வையில், மிகவும் தாமதமாக வந்த நல்ல முடிவு.

செயலியில் கவனிக்க வேண்டியது வேறு. கருத்தாய்வு என்று சொல்லி மோசடிக்காரர்கள் கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்புவார்கள்; அதை சிங்பாஸ் மூலம் வருடி ஒப்புதல் கொடுத்தால், அவர்கள் உங்கள் பெயரில் வேறொரு சேவைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஒப்புதல் தருமுன் எந்தச் சேவைக்காகக் கேட்கப்படுகிறது என்று திரையில் படியுங்கள். நீங்களாகத் தொடங்காத எதற்கும் ஒப்புதல் தராதீர்கள். சிங்பாஸ் விவரங்களைப் பணத்திற்காகப் பிறரிடம் கொடுப்பது குற்றமாகும் வகையில் 2023இல் சட்டமும் திருத்தப்பட்டது.

அறிக்கைகளுக்கு வேறு கடவுச்சொல் வைக்குமாறு அந்தக் காப்புறுதி நிறுவனத்திற்கு அம்மாவின் பெயரில் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, அடுத்த வாரம் நேரில் போகிறோம்.