கையெழுத்திட்ட பிறகும் தீராத சண்டை

கேள்வி: ஒன்பது பேர் கொண்ட வணிகக் குழுவை நடத்துகிறேன். நேர்மை, வேகம், தரம், வாடிக்கையாளர் நலன் ஆகிய நான்கும் எங்கள் விழுமியங்கள் என்று அனைவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டோம். ஆறு மாதம் கழித்தும் விற்பனைப் பிரிவும் தயாரிப்புப் பிரிவும் ஒன்றையொன்று நேர்மையற்றது என்கின்றன. இவர்களுக்கு விழுமியங்களை எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘புரியவைப்பது’ என்ற சொல்லிலேயே உங்கள் தவறு தொடங்குகிறது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவில் நேர்மை என்னவென்று புரியாதவர் எவரும் இல்லை. ஒப்புக்கொண்ட தேதியில் பொருளைக் கொடுப்பதே நேர்மை என்று விற்பனையில் இருப்பவர் நம்புகிறார். குறை இருப்பது தெரிந்த பொருளை அனுப்ப மறுப்பதே நேர்மை என்று தயாரிப்பில் இருப்பவர் நம்புகிறார். இருவருமே கையெழுத்திட்ட சொல்லுக்கு உண்மையாக இருப்பதால்தான் சண்டை இவ்வளவு கசப்பாக இருக்கிறது.

நேர்மையோ தரமோ வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே அந்த ஒருமனதான சம்மதம் உங்களுக்கு எதையும் தெரிவிக்கவில்லை. நல்லவை இரண்டு மோதும்போது எதை விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு உங்களுக்குள் நடக்கவே இல்லை.

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் 1943-இல் எழுதிக்கொண்ட கொள்கை அறிக்கை, தன் பொருள்களைப் பயன்படுத்துவோரை முதலிலும் பங்குதாரர்களைக் கடைசியிலும் வைத்தது. 1970களில் அதன் தலைமைக்கு வந்த ஜேம்ஸ் பர்க், மூத்த நிர்வாகிகளைக் கூட்டி, இதன்படி நடக்க முடியாதென்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா என்று விவாதிக்க வைத்தார். 1982-இல் சிகாகோ பகுதியில் அதன் ‘டைலனால்’ என்ற வலிநிவாரணி மருந்துக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, நிறுவனம் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. அதற்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவானது. அறிக்கையின் அழகான சொற்களைவிட, அதில் இருந்த வரிசையும், அந்த வரிசையைப் பற்றி முன்கூட்டியே மனம்விட்டு வாதாடியதுமே அன்று கைகொடுத்தன என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்களும் வரிசையைப் பேசுங்கள். அண்மையில் இரு பிரிவும் மோதிய ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம், அதற்காக எதை இழக்கச் சம்மதித்திருப்போம் என்பதை ஒன்பது பேரும் பேச்சுக்கு முன்பே தனித்தனியாக எழுதட்டும். உங்கள் தாளைக் கடைசியில் படியுங்கள். தலைவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் அதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார்கள். தாள்கள் எங்கே பிரிகின்றனவோ அங்கே ஒரு முழு வாக்கியத்தை எழுதுங்கள்: “தெரிந்த குறையோடு எதையும் அனுப்பமாட்டோம், தேதி தள்ளும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளருக்குச் சொல்வோம்.” இப்படிப்பட்ட வாக்கியத்தை ஏற்பதில் இரு பிரிவுக்கும் ஓர் இழப்பு இருக்கிறது, அதனால் இதற்குக் கிடைக்கும் சம்மதத்தை நம்பலாம். எல்லோரும் ஒரே மாதிரி சிந்திக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறையைத் தேடிப் பிடிப்பவரும் தேதியை நினைவூட்டுபவரும் உங்களுக்குத் தேவை.

இன்னொன்று. விற்பனைப் பிரிவின் ஊக்கத்தொகை எதைக் கொண்டு கணக்கிடப்படுகிறது என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. வாடிக்கையாளருக்கு எது சரியோ அதுவே தன் விழுமியம் என்று எழுதி வைத்திருந்த வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், விற்பனை இலக்கின் நெருக்கடியால் ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமலே லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. உங்கள் ஊக்கத்தொகை குறித்த தேதியில் அனுப்பிய எண்ணிக்கைக்கு மட்டுமே தரப்படுகிறது என்றால், விற்பனைப் பிரிவினர் நீங்கள் சம்பளத்தின் வழியாகச் சொல்லும் விழுமியத்தைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். கூட்டத்தைக் கூட்டுவதற்கு முன் அந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள். மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லையென்றால், அது யாரிடம் இருக்கிறதோ அவரையும் அந்த அறையில் உட்காரவைத்து எழுதச் சொல்லுங்கள்.