கேள்வி – பதில்: ஒற்றைச் சுரத்தில் ஓர் உருப்படி

கேள்வி: ஹங்கேரிய இசையமைப்பாளர் ஒருவர் ஒரேயொரு சுரத்தை வைத்துப் பியானோவுக்கு ஓர் உருப்படி இயற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒற்றைச் சுரத்தில் இராகம் ஏது? இராகம் இல்லாதது இசையாகுமா?
– சங்கீத ஆசிரியை, கிளிநொச்சி

பதில்: ஜியோர்ஜி லிகெற்றி (1923–2006) 1951 முதல் 1953 வரை புடாபெஸ்ட் நகரில் எழுதிய ‘மூசிக்கா ரிசெர்க்காற்றா’ என்னும் 11 சிறு உருப்படிகளில் முதலாவதையே குறிப்பிடுகிறீர்கள். கணக்கைச் சரியாகச் சொன்னால் அதில் இரண்டு சுரங்கள் உள்ளன. மேலை இசையில் ‘ஏ’ எனப்படும் சுரம் மட்டுமே மந்திரம், மத்தியம், தாரம் என்னும் கீழ், இடை, மேல் ஸ்தாயிகளில் மாறிமாறி ஒலித்து, ஓசையின் கனத்தாலும் தாளத்தாலும் வேகத்தாலும் மட்டுமே வளர்ந்து செல்ல, முடிவில் ஒரேயொரு ‘டி’ வந்து விழுகிறது. ‘டி’யை ஷட்ஜமாகக் கொண்டால் ‘ஏ’ அதன் பஞ்சமம் என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இவ்வளவு நேரமும் நாம் கேட்டது பஞ்சமத்தை என்பதைக் காது அந்தக் கடைசிக் கணத்திலேயே கண்டுகொள்கிறது. இராகம் இல்லைத்தான். ஆனால் கோயில் மேளச்சமாவில் நாதஸ்வரம் ஓய்ந்து தவில் மட்டும் பேசும்போது அது இசையல்ல என்று நம்மில் எவரும் எழுந்து போவதில்லையே!

இரண்டாவதில் மூன்று சுரங்கள், மூன்றாவதில் நான்கு என ஒவ்வொன்றாகக் கூடி, பதினோராவதில் பன்னிரண்டும் நிறைவு பெறுகின்றன. மூன்றாவதின் நான்கு சுரங்களை ‘சி’ ஷட்ஜமாகக் கொண்டு பாடிப் பாருங்கள்: ஷட்ஜமும் பஞ்சமமும் நிற்க, இடையில் காந்தாரத்தின் இரு வகைகளான சாதாரண காந்தாரமும் அந்தர காந்தாரமும் அருகருகே வருகின்றன. நம் முறையில் அவற்றுள் கீழுள்ளதை ரிஷபத்தின் உயர்ந்த வகையான ஷட்சுருதி ரிஷபம் என்று கொண்டு நாட்டை இராகத்துக்குப் போய்விடுவோம்; லிகெற்றியோ அவ்விரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுத் துள்ளலாக ஓடுகிறார். ஏழாவதில் இடக்கை ஏழு சுரக் கோவையொன்றை விடாது சுற்ற, அதன் மேல் வலக்கை நாட்டார் மெட்டுப் போன்ற ஒன்றை ஆறுதலாகப் பாடிச் செல்கிறது. என் காதுக்கு முழுத் தொகுதியிலும் அழகானது அதுவே.

கேள்வி: இத்தொகுதியின் இரண்டாவது உருப்படி ஸ்ராலினுக்கு எதிரானது என்பது உண்மையா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அதில் மீண்டும் மீண்டும் அறையப்படும் ‘ஜி’ சுரத்தை, ஸ்ராலினின் நெஞ்சில் பாய்ச்சிய கத்தி என்று லிகெற்றியே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். தந்தையையும் தம்பியையும் நாசி முகாம்களில் பறிகொடுத்த யூதரான அவர், அடுத்து வந்த கம்யூனிச ஆட்சியில், புகழ்பெற்ற ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் நவீனப் போக்குடைய படைப்புகள் சிலகூட ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு காலத்தில், அரங்கேறாது என்று தெரிந்தே இவற்றை எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தார். இவற்றுள் ஆறினை ஐந்து காற்றுக் கருவிகளுக்கு மாற்றி எழுதியபோதும், 1956இல் புடாபெஸ்டில் ஐந்து மட்டுமே இசைக்கப்பட்டன. அபசுரம் மிகுந்ததாகக் கருதப்பட்ட ஆறாவது விடப்பட்டது. கம்யூனிச ஆட்சிக்கு எதிராக ஹங்கேரியில் அந்த ஆண்டு மூண்ட எழுச்சி நசுக்கப்பட்டபின் அவர் வியன்னாவுக்குத் தப்பிச் சென்றார். பியானோத் தொகுதி முழுமையாக அரங்கேறியது 1969இல், சுவீடனில். எனினும், கத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்க வேண்டாம். முதலில் அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் ஊசலாடுவதைக் கேளுங்கள்; ‘ஜி’ வரும்போது அது தன்னை யாரென்று தானே சொல்லிக்கொள்ளும்.

கேள்வி: கீபோட் பழகும் என் மகனால் இவற்றை வாசிக்க முடியுமா?
– தாயார், நெடுங்கேணி

பதில்: 61 கட்டைக் கீபோட்டில் முதலாவதை வாசிக்க முனைய வேண்டாம், பியானோவில் எட்டு ‘ஏ’ கட்டைகள் உள்ள இடத்தில் அதில் ஐந்தே உள்ளன. இரண்டாவதின் கட்டைகளை விரல் எளிதில் கண்டுகொள்ளும்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, மூன்றும் அடுத்தடுத்தவை. ஆனால் விரலின் அழுத்தத்துக்கேற்ப ஓசை கூடிக் குறையாத மலிவான கருவியில் அது உயிரற்றுப் போகும். தொடக்கத்துக்குப் பார்டோக்கின் ‘மிக்ரோகோஸ்மோஸ்’ ஏற்றது. எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும்படி ஆறு பாகங்களில் அமைந்த 153 உருப்படிகள் கொண்ட அத்தொகுதியின் முதற்பாகத்தில், இரு கைகளும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கும் உருப்படிகளே முதலில் வருகின்றன.