எல்லா பிரவுசர்களிலும் ஜாவாஸ்கிரிப்டால் இயக்கக்கூடிய செருகுநிரலுக்கு எந்த ஃபிரேம்வொர்க் நல்லது?

மின்னணுக் கையொப்ப டோக்கனை (கையொப்பச் சாவியை வைத்திருக்கும் சிறு கருவி) இயக்கும் சி++ நிரல் இருக்கிறது, வலைப்பக்கத்திலிருந்து அழைக்க வேண்டும், குரோமிலும் பயர்பாக்ஸிலும் ஓட வேண்டும், ஒரே நிரலைப் பல பிரவுசர்களுக்கான செருகுநிரலாக்கித் தரும் ஃபயர்பிரீத் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ எழுதிய பழைய நிரலை உங்கள் தலையில் கட்டிக் கெடுவும் வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. செருகுநிரலே வேண்டாம், பிரவுசரும் கணினியிலுள்ள தனி நிரலும் செய்தி பரிமாறிக்கொள்ளும் நேட்டிவ் மெசேஜிங் பக்கம் போங்கள். குரோம் 2015 செப்டம்பரில், செருகுநிரல்களைப் பிரவுசரோடு இணைக்கும் பழைய இடைமுகமான என்பிஏபிஐ ஆதரவை அடியோடு நீக்கியது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் ஃப்ளாஷைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கதவடைத்தது.

ஃபயர்பிரீத்தை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ், மற்றவற்றுக்கு என்பிஏபிஐ என ஒரே வேலையை இரண்டு தடவை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கூகுளின் நிக்ஸிசா என்ற கருவியையும் பார்த்தோம். அது என்பிஏபிஐக்கு மட்டும்தான் இணைப்பு நிரல் எழுதித் தந்தது.

ஃபயர்பிரீத்துக்கு வருவதற்கு முன் எங்கள் குழு கையாலேயே எழுதிய செருகுநிரலில் கையொப்பம் சில நேரம் மட்டும் சரிபார்ப்பில் தோற்றது. எல்லோரும் டோக்கன் மேல் பழி போட்டார்கள். நான் பைட் பைட்டாகப் பார்த்தேன். என்பிஏபிஐ தரும் சரத்தில் (ஸ்ட்ரிங்) யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் எழுத்துகளின் பைட்டுகளும் நீளமும்தான் உண்டு. கடைசியில் முடிவைக் காட்டும் பூஜ்ய பைட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எங்கள் நிரலோ பூஜ்யம் வரும்வரை படித்துக்கொண்டே போனது. வாசகத்தின் வாலில் ஒட்டிய குப்பைக்கும் சேர்த்துக் கையொப்பம் விழுந்திருந்தது. ஃபயர்பிரீத்துக்கு மாறியபின் இந்தத் தலைவலி போனது.

இப்படி உழைத்துக் கற்றதை நேர்முகத் தேர்வில் சொன்னால், "அதெல்லாம் செத்துப்போன தொழில்நுட்பம்" என்று அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்கள். நினைவகத்தையும் திரெட்டுகளையும் மேய்த்த அனுபவம் எந்தத் தொழில்நுட்பத்தோடும் சாவதில்லை. கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லைதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வேலைக்கு வருகிறேன். கையொப்பப் பகுதியைப் பிரவுசர் என்று ஒன்று இருப்பதே தெரியாத தனி நிரலாகப் பிரித்துவிடுங்கள். வலைப்பக்கம் அதை நேரடியாக அழைக்க முடியாது. நடுவில் ஒரு நீட்சி (பிரவுசர் எக்ஸ்டென்ஷன்) வேண்டும். பிரவுசர் உங்கள் நிரலைத் தொடங்கி, முதலில் நான்கு பைட் நீளம், பிறகு ஜேசான் வடிவில் செய்தி என்று அனுப்பும். விண்டோஸில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பைனரி நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீளத்தில் புதுவரிக் குறியான 10 என்ற பைட் வரும் அன்று அதற்கு முன்னால் இன்னொரு பைட் நுழைந்து கணக்கு தப்பும். உங்கள் நிரல் திருப்பி அனுப்பும் ஒரு செய்தி 1 எம்பியைத் தாண்டக் கூடாது. அதனால் பிடிஎஃப் கோப்பை முழுதாகச் சுமக்காமல் அதன் ஷா-256 மதிப்பை (கோப்பிலிருந்து கணக்கிடும் சுருக்க அடையாளம்) மட்டும் அனுப்புங்கள், அது 32 பைட்தான். எந்த நீட்சி உங்கள் நிரலை அழைக்கலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியல் கோப்பைக் குரோமுக்கும் பயர்பாக்ஸுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். அதில் நீட்சியைக் குறிப்பிடும் முறை இரண்டுக்கும் வேறு.