பூட் ஆகும்போது ஸ்கிரிப்ட் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடினால்

வணக்கம் நண்பரே. எந்த டேட்டாபேஸை ஏற்றுவது என்று ஆபரேட்டரிடம் கேட்கும் உங்கள் ஸ்கிரிப்ட், கையால் ஓட்டினால் நிற்கிறது, பூட் ஆகும்போது மட்டும் தாண்டிப் போகிறது என்கிறீர்கள். ஸ்கிரிப்டில் குறை இல்லை. சிஸ்டம்டி (லினக்ஸ் பூட் ஆகும்போது சர்வீஸ்களைத் தொடங்கும் நிரல்) தொடங்கும் சர்வீஸுக்கு இயல்பாக உள்ளீடே கிடையாது; பதிலை வாங்கும் ரீட் கட்டளை வெறுங்கையோடு உடனே திரும்பிவிடும்.

சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் கோப்பில் ஸ்டாண்டர்ட்இன்புட், ஸ்டாண்டர்ட்அவுட்புட் இரண்டையும் டிடிஒய் (டெர்மினல்) என்று மாற்றுங்கள். எந்த டெர்மினல் என்று பாதை கொடுக்காவிட்டால் கன்சோலையே (கணினியின் முதன்மை டெர்மினல்) எடுத்துக்கொள்ளும். வகையை ஒன்ஷாட் (ஒருமுறை ஓடி முடிவது) ஆக்கி, எதற்கு முன் ஓட வேண்டும் என்று சொல்லும் பிஃபோர் வரியில் டேட்டாபேஸ் சர்வீஸைச் சேருங்கள்.

அப்புறம், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: ஒன்ஷாட்டுக்கு இயல்பில் காலக்கெடு இல்லை. நள்ளிரவில் கரண்ட் போய் வந்து சர்வர் தானாக எழுந்தால், ஆள் வரும்வரை டேட்டாபேஸ் ஏறாது. ரீட் கட்டளைக்கு 30 விநாடி வரம்பு கொடுத்து, பதில் வராவிட்டால் வழக்கமான டேட்டாபேஸை ஏற்றச் சொல்லுங்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்களில் இந்த வரம்பு பாஷில் உண்டு, டாஷில் இல்லை. உபுண்டுவில் ஸ்கிரிப்டின் முதல் வரி வெறும் எஸ்ஹெச் என்றிருந்தால் ஓடுவது டாஷ்தான்.

கேள்வி திரையில் தெரியவில்லையா? பூட்டின்போது கர்னலுக்குக் கொடுக்கும் கட்டளை வரியில் கடைசியாக உள்ள கன்சோலைப் பாருங்கள். அது சீரியல் போர்ட் என்றால் கேள்வி அங்கே போயிருக்கும்.