விழுங்கிய பைக்குள் அமிலமா, காரமா?

கேள்வி: மாந்தோப்பு வேலியைச் சரிசெய்தபோது விரலில் கருவேல முள் ஏறி, இரண்டாம் நாளே பச்சை கலந்த சீழ் கட்டிவிட்டது. வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கி அமிலத்தில் கரைத்துவிடும் என்று என் மகள் பாடம் படிக்கக் கேட்டேன். எல்லா வெள்ளணுக்களுக்குள்ளும் அமிலம்தானா?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முள்ளிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குகிறது. 1882-இல் விலங்கியலாளர் மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்து, மறுநாள் அதைச் செல்கள் மொய்த்திருக்கக் கண்டார். அத்தகைய செல், விழுங்கிய கிருமியை ஃபேகோசோம் என்னும் சவ்வுப் பைக்குள் அடைக்கிறது. ஆனால், பைக்குள் நிலவும் சூழல் செல்லுக்குச் செல் மாறும்.

உங்கள் விரலுக்கு முதலில் ஓடிவந்தவை நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள். இவற்றின் பையில் தொடக்கத்தில் அமிலமே இல்லை. பைச்சவ்விலுள்ள ஆக்சிடேஸ் நொதி எலக்ட்ரான்களை உள்ளே தள்ளி, ஆக்சிஜனைச் சூப்பராக்சைடாக மாற்றுகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாகும்போது அங்குள்ள, அமிலத்தன்மை தரும் புரோட்டான்களை விழுங்கிவிடுவதால், பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 8-ஐத் தாண்டி, சில அளவீடுகளில் 9-ஐயும் ஒட்டி, நாள்பட்ட முட்டையின் வெள்ளைக்கரு அளவுக்குக் காரமாகிறது. புரதத்தைச் சிதைக்கும் எலாஸ்டேஸ் போன்ற நொதிகளுக்கு அமிலமற்ற இச்சூழலே வாகானது. பிறவியிலேயே அந்த ஆக்சிடேஸ் பழுதுபட்டவர்களுக்குச் சாதாரணப் பூஞ்சைத் தொற்றுகூட உயிருக்கு உலை வைக்கும். சீழின் பச்சைச் சாயலும் இந்தச் செல்களில் மண்டிக் கிடக்கும் மையலோபெராக்சிடேஸ் என்னும் பச்சை நொதியால் வருவதே. (சூடோமோனாஸ் கிருமியும் பச்சை நிறம் தரும், ஆகவே, மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.)

உங்கள் மகள் படித்தது மேக்ரோஃபேஜ் என்னும் பெரிய விழுங்கு செல்லுக்குப் பொருந்தும். அதன் பைச்சவ்வு புரோட்டான்களை உள்ளே இறைக்க, அரை மணி நேரத்துக்குள் பி.எச். 5-ஐ ஒட்டி, பால் கலக்காத காபியின் அளவுக்கு இறங்கிவிடும். செத்த செல்களையும் குப்பையையும் முழுதாகச் செரித்துத் தீர்க்கும் வேலைக்கு அமிலம் தேவைதான். ஆனால், அழற்சியைத் தூண்டும் நிலையிலுள்ள மேக்ரோஃபேஜின் பை அவ்வளவு விரைவில் புளிப்பதில்லை.

டென்ட்ரிடிக் செல் என்னும் இன்னொரு வகை வெள்ளணு செரிப்பதில் அவசரமே காட்டாது. கிருமியின் புரதத் துண்டுகளை, நோய் எதிர்ப்பில் பங்கேற்கும் டி செல்களிடம் காட்டுவது அதன் பணி. எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் காட்ட என்ன மிஞ்சும்? அதனால் அதே ஆக்சிடேஸை அளவோடு இயக்கி, பி.எச். அளவைப் பல மணி நேரம் 7-ஐ ஒட்டியே வைத்துக்கொள்கிறது.

காசநோய்க் கிருமிக்கும் இந்த வேதியியல் அத்துப்படி. மேக்ரோஃபேஜின் பையை பி.எச். 6.2 முதல் 6.4 வரையிலான அளவிலேயே நிறுத்திவைத்துவிட்டு, உள்ளேயே குடித்தனம் நடத்துகிறது அது.